ஆசீர்வாதம் சொன்ன குரல்

அத்தியாயம் 6

யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்த பிறகு எதை உடுத்திக்கொண்டு வீடு திரும்புவது என்று யோசித்து, குளோரிமார் ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றுத்துணி எடுத்து வந்திருந்தாள். மோஞ்சோவால் தாங்க முடியாமல் போனது அந்தப் பையைத்தான்.

காரின் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைக் காலையிலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். இடுப்பில் காலி உறை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன துணி எடுத்துட்டு வந்திருக்க?" மோஞ்சோ கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டான்.

"ஜீன்ஸும் ஒரு பனியனும்."

"கல்யாண கவுனை எடுத்துட்டு வந்திருக்கலாம்ல? போறதுதான் போறோம், அவனுங்க கண்ணு கூசற மாதிரி போயிருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. குளோரிமார் மோஞ்சோவின் சித்தி மகள். தவழ்ந்த காலத்திலிருந்து அவனுடைய மட்டமான ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்து வளர்ந்தவள். அவளே சிரிக்கவில்லையென்றால் நிலைமை அவ்வளவுதான் என்று மோஞ்சோவுக்குப் புரிந்தது.

முன்சீட்டில், ஊரே மரியாதையாக 'டோன்யா' என்று அழைக்கும் ஏவரிஸ்தா, ஒரு சின்ன ரெக்கார்டரின் இயர்போனை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் துப்பறிந்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு புவெர்ட்டோ ஓண்டோவில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியார் துப்பறியும் நிலையம் நடத்திவந்தாள். மோஞ்சோ அவளுக்கு உதவியாளன், டிரைவர், காபி வாங்கி வருபவன். சம்பளம் மட்டும் ஒன்றுதான்.

"இன்னொரு தரம் முறையா சொல்லு, கண்ணு," என்றாள் ஏவரிஸ்தா கண்ணைத் திறக்காமலே. "உன் வேலை விஷயம். நான் எங்கயாவது தப்பாப் புரிஞ்சிருக்கேனான்னு பாக்கறேன்."

"இன்னிக்கு ஆபீஸ் மூடறதோட என் புரொபேஷன் முடியுது டோன்யா. முடிஞ்சிட்டா நான் நிரந்தரம். நாளைக்கு சார்ஜன்ட் பரீட்சை எழுதலாம். புரொபேஷன்ல இருக்கறவங்க அந்த ஹால் வாசப்படியையே மிதிக்க முடியாது."

"மூடறதுக்கு முன்னாடி?"

"கமிஷனர் ஒரே ஒரு கையெழுத்துல என்னை வீட்டுக்கு அனுப்பிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. அதெல்லாம் நிரந்தரமானவங்களுக்குத்தான்."

"கையெழுத்துப் போடலைன்னா?"

"லெப்டினன்ட் கொடுத்த புகார் நிலுவையில இருந்தாலே போதும், புரொபேஷன் தானா நீண்டுடும். பரீட்சை கைவிட்டுப் போயிடும். போன தடவை இந்தப் பரீட்சை வெச்சப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். அடுத்தது எப்பன்னு மாதாவுக்குத்தான் தெரியும்."

"கையெழுத்தும் விழக்கூடாது, புகாரும் இருக்கக்கூடாது. ரெண்டு சுருக்கு. ரெண்டையும் சாயங்காலத்துக்குள்ள அவிழ்க்கணும்."

"புரொபேஷன்ல துரத்தினவங்களை இந்தத் தீவுல எந்த ஊர் போலீஸும் எடுக்காது," என்றான் மோஞ்சோ. "அதுக்கப்புறம் ஓர்லாண்டோ விமானம்தான். ஓட்டல்ல பெட்ஷீட் மாத்தற வேலை. இல்லைன்னா என்னை மாதிரி கார் ஓட்டலாம். என்னையும் அப்படித்தான் துரத்தினானுங்க. காரணமே சொல்லலை. என் மூஞ்சியா, என் வாயான்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

"வாய்தான்," என்றாள் ஏவரிஸ்தா.

நடந்தது இதுதான். சனிக்கிழமை ஊரின் பாதுகாவல் புனிதருக்குத் தேர்பவனி. பறிமுதல் செய்த வண்டிகளை நிறுத்தும் கொட்டடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் கேட்டில் குளோரிமாருக்குத் தனிக் காவல். காவல் கூண்டிலிருந்த போன் ஒலித்தது. 'லெப்டினன்ட் பாயெர்கா பேசறேன். படகுத்துறையில ஒரு குழந்தை கடல்ல விழுந்துடுச்சு. ஓடு. கேட்டை நான் பார்த்துக்கறேன்.' ஓடினாள். துறையில் குழந்தையும் இல்லை, கூச்சலும் இல்லை. மீன்வடை பொரிக்கிறவள் கரண்டியோடு நின்று இவளை வேடிக்கை பார்த்தாள். திரும்பி வந்தால் கேட் திறந்து கிடந்தது. பறிமுதல் செய்து வைத்திருந்த சிவப்பு நாலுசக்கர பைக்கைக் காணோம்.

'நான் போனே பண்ணவில்லை' என்று லெப்டினன்ட் பாயெர்கா புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். 'அவ வடைக்கடையில நின்னு தின்னுட்டிருந்ததை நான் பார்த்தேன்' என்று யாமில் என்ற காவலன் சாட்சி சொன்னான். யாமிலும் குளோரிமாரும் பயிற்சிப் பள்ளியில் ஒரே வகுப்பு. இருவருக்கும் இன்றோடுதான் புரொபேஷன் முடிகிறது. சார்ஜன்ட் நாற்காலி காலியாக இருப்பது ஒன்றே ஒன்று.

குளோரிமாரின் கையில் ஒரே ஒரு பிடிதான் இருந்தது. கூண்டு போன் ஒலித்த நேரத்தில் அவள் தன் செல்போனில் அம்மாவுக்குக் குரல்செய்தி பேசிக்கொண்டிருந்தாள். பதறியதில் அதை நிறுத்தாமலே மேஜையில் போட்டிருந்தாள். கூண்டு போனின் ரிசீவர் உடைந்து வெகுநாளாகிறது, ஸ்பீக்கரில்தான் எல்லோரும் பேசுவார்கள். அதனால் வந்த குரலும் பாதி பதிவாகியிருந்தது; அதைத்தான் ஏவரிஸ்தா தன் ரெக்கார்டரில் ஏற்றிவைத்திருந்தாள். 'கொரகொரன்னு இருக்கு, யாருடைய குரல்னும் சொல்ல முடியாது' என்று தலைமையகத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

"சத்தமா வைக்கறேன், நீயும் கேளு," என்று ஏவரிஸ்தா இயர்போனைப் பிடுங்கினாள்.

மோஞ்சோ இதைப் பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பான். முதலில் குளோரிமார்: 'ஆசீர்வாதம், மம்மி. இன்னிக்கு வர நேரமாகும், அரிசியை நீயே அடுப்புல வெச்சிடு...' அப்புறம் மணிச் சத்தம். கரகரத்த ஆண் குரல்: 'லெப்டினன்ட் பாயெர்கா பேசறேன். படகுத்துறையில ஒரு குழந்தை...' இரைச்சல். இரைச்சலுக்குள் தூரத்தில், 'ஆசீர்வாதம்.' உடனே தாழ்ந்த குரலில், 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும், மாதா துணைக்கு வரட்டும்.' மறுபடி கரகரப்பு: 'ஓடு. கேட்டை நான் பார்த்துக்கறேன்.'

"இதுல உங்க சித்தி எங்க பேசறா?" என்று கேட்டாள் ஏவரிஸ்தா.

"அதான், நடுவுல ஆசீர்வாதம் சொல்றாங்களே."

"அவ அப்ப எங்க இருந்தா?"

"மலை மேல, வீட்டுல."

"இது போன் பேச்சாடா?"

"இல்ல டோன்யா, குரல்செய்தி. இவ பேசி அனுப்புவா, அப்புறமா சித்தி கேட்டுட்டு..."

மோஞ்சோவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

இந்த ஊரில் அம்மா, அப்பா, மாமா, அத்தை, ஞானத்தகப்பன், ஞானத்தாய், யாரைப் பார்த்தாலும் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தை அது. கண் விழித்தால் ஆசீர்வாதம், போனை எடுத்தால் ஆசீர்வாதம், செருப்பை மாட்டினால் ஆசீர்வாதம். பதில் வராமல் இருந்தால்தான் காது திடுக்கிடும். வந்துவிட்டால் கேட்டதாகவே பதியாது. போலீஸ் கேட்டது, குளோரிமார் கேட்டாள், அவள் அம்மா கேட்டாள். பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஆசீர்வாதம் கேட்டது ஒரு சின்ன வயசுக்காரன்," என்றாள் ஏவரிஸ்தா. "போன் பண்ணினவன் பக்கத்துல அறைக்குள்ள நுழைஞ்சிருக்கான். பெரியவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்துல கேட்டுட்டான். அவரும் பொய்ப் பேச்சுக்கு நடுவுலயே பதில் சொல்லிட்டாரு. கரகரப்பு போட மறந்து, சொந்தக் குரல்ல."

"அடப்பாவி. திருடும்போது கூட மரியாதை தவறலை."

"யார் அந்தப் பெரியவர்? அவரைக் காட்டினா உன் தங்கச்சி நாளைக்குப் பரீட்சை எழுதுவா. வண்டியை எடு."

பின்சீட்டில் பிளாஸ்டிக் பை சரசரத்தது. குளோரிமார் அதைக் கீழே வைக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

போலீஸ் தலைமையகத்தில் கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டரைக் கமிஷனர் அறைக்கும் வயர்லெஸ் அறைக்கும் மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். நடைபாதையில் மனித வேர்வையும் டீசல் புகையும் கலந்து அடித்தது.

எதிரே கேப்டன் சால்செடோ வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, வெள்ளி மீசை. நாளைய பரீட்சைக் குழுவுக்கு இவர்தான் தலைவர்.

"யாரு, மோஞ்சோவா? மறுபடியும் சேரலாம்னு வந்தியா?"

"இல்ல கேப்டன். என்னைத் துரத்தின காரணம் எங்கயாவது கிடைச்சுதான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கேப்டன் பெருந்தன்மையாகச் சிரித்தார். பிறகு குளோரிமாரைப் பார்த்து முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "கமிஷனர் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்கம்மா. மனசைத் தேத்திக்க."

அப்போது படியேறி வந்தான் யாமில். குளித்துத் தலைவாரிய வாசனை இன்னும் போகவில்லை. கேப்டனைக் கண்டதும் அவன் உதடு பிரிந்தது. பிரிந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தான்.

"கொட்டடிக் காவலுக்குப் போறேன், கேப்டன்."

"போ," என்றார் கேப்டன் அவனைப் பார்க்காமலே.

"பார்த்தீங்களா டோன்யா?" என்றான் மோஞ்சோ அவர்கள் போனதும். "வாய்க்குள்ள ஈ புகுந்த மாதிரி முழிக்கிறான். பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு ஈ கூட எதிரி."

ஏவரிஸ்தா குளோரிமாரைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு ஏதோ கேட்டாள். குளோரிமார் தன் செல்போனைத் தேடி எடுத்து நீட்டினாள். கிழவி அதை உற்றுப் பார்த்து, உதடசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

லெப்டினன்ட் பாயெர்கா தன் அறை ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவில் சோறும் பயறும். மதில் மேல் ஒரு பெரிய பச்சை ஓணான் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையிலேயே கரகரத்த குரல்தான் அவருக்கு. போலீஸ்காரர்கள் கல்யாண வீடுகளில் போதை ஏறினால் அவர் மாதிரிப் பேசிக் காட்டுவார்கள்.

அவர் குளோரிமாரின் பக்கம் திரும்பவில்லை. "நான் கூப்பிடலை. அவ கேட்டை விட்டுப் போனா. ரெண்டும் நிஜம். நிஜத்தைத்தான் எழுதினேன்."

"சார், நான்..." என்று ஆரம்பித்தாள் குளோரிமார். முடிக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, லெப்டினன்ட்," என்றாள் ஏவரிஸ்தா. "உங்ககிட்ட ஆசீர்வாதம் கேக்கறவங்க யார் யாரு?"

பாயெர்கா கரண்டியைக் கீழே வைத்தார். கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் சிகாகோவுல அநாதை விடுதியில வளர்ந்தவன், டோன்யா. கூடப் பிறந்தவங்க கிடையாது. கல்யாணம் ஆகலை. ஒரு குழந்தைக்கும் என்னை ஞானத்தகப்பனா யாரும் கூப்பிட்டதில்லை. இந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்துக்கறாங்க. எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல."

மோஞ்சோவின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினான்.

ஏவரிஸ்தா பதிவைப் போட்டுக் காட்டினாள். பாயெர்கா மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவர் காது மடல் சிவந்துபோயிற்று.

"என் பேரைச் சொல்லிக்கிட்டு எவனோ ஆசீர்வாதம் வேற கொடுத்திருக்கான்."

"அந்தக் கூண்டு போனுக்கு யார் வேணும்னாலும் பேச முடியுமா?"

"முடியாது. இந்தக் கட்டடத்துக்குள்ளேருந்து மட்டும்தான் போகும். ஆனா சனிக்கிழமை எல்லாரும் பவனிக்குப் போயிட்டோம். மாடியில கேப்டன் இருந்தாரு. வயர்லெஸ்காரன் இருந்தான். வந்து போனவங்க எத்தனையோ பேர்."

"புகாரை வாபஸ் வாங்குவீங்களா?"

"ஆளைக் காட்டுங்க, அந்த இடத்துலயே வாங்கறேன். காட்டலைன்னா மாட்டேன். எனக்கு இந்த வேலையைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. அதுல பொய் எழுத முடியாது."

கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பியூன் எட்டிப் பார்த்தான். "குளோரிமாரைக் கமிஷனர் கூப்பிடறாங்க. யூனிஃபார்ம் ஒப்படைக்கிற ரூமைத் திறந்து வைக்கவும் சொல்லிட்டாங்க."

*

கமிஷனர் இவெலிஸ் ரொமேரோ கெட்டவள் இல்லை. அதுதான் மோஞ்சோவுக்குக் கவலை. கெட்டவளாக இருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பாள். இவள் சட்டப்படி நடப்பவள். பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தாள். கேப்டன் சால்செடோ பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க, டோன்யா," என்றாள் கமிஷனர். "உங்க மேல உள்ள மரியாதைக்காக அஞ்சு நிமிஷம் தரேன். சொல்லுங்க."

ஏவரிஸ்தா ரெக்கார்டரில் பதிவைப் போட்டாள். ஆளில்லாத இடத்தில் வந்த அந்தப் பதிலை விளக்கினாள். கமிஷனர் முன்னால் சாய்ந்து இன்னொரு தரம் கேட்டாள். பேனாவைக் கீழே வைக்கப்போனாள். அந்த ஒரு கணம் மோஞ்சோ மனசுக்குள் மெழுகுவத்தி ஏற்றினான்.

"அழகான கதை," என்றார் கேப்டன். "ஆனா டோன்யா, இந்த ஊர்ல ஆசீர்வாதம் கேக்காத வீடு எது? இவளே ஒரு மாமனைப் பிடிச்சு லெப்டினன்ட் மாதிரி பேச வெச்சிருக்கலாமே? யார் அந்த ஆளு, பேரைச் சொல்லுங்க. மேடம் இப்பவே விசாரிப்பாங்க."

"சரியான கேள்வி," என்றாள் கமிஷனர். "பேர் இருக்கா?"

எல்லோரும் ஏவரிஸ்தாவைப் பார்த்தார்கள். மோஞ்சோவும் பார்த்தான். கிழவி நாற்காலியில் இன்னும் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"இல்லை," என்றாள். "சாட்சியோட சொல்ல எங்கிட்ட பேர் இல்லை."

கமிஷனர் பேனாவை எடுத்தாள்.

குளோரிமார் எழுந்து நின்றாள். "எங்க மாத்திக்கணும் மேடம், துணியை?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் மோஞ்சோ தாங்கிக்கொண்டிருப்பான்.

"டோன்யா, ஏதாவது பண்ணுங்க," என்று அவன் கிசுகிசுத்தான். "மயக்கம் போட்டு விழுங்க. நான் பிடிச்சுக்கறேன். நான் வேணா விழறேன், என்னைத் தூக்க ஆறு பேர் வரணும், சாயங்காலம் ஆயிடும்."

"விடுடா. போகலாம். என் தங்கச்சி பஸ் ஸ்டாண்டுல காத்துட்டிருப்பா, வரோம்னு சொல்லிடறேன்." ஏவரிஸ்தா தன் செல்போனை எடுத்து அமுக்கினாள், உதறினாள், மறுபடி அமுக்கினாள். "செத்துப்போச்சு. காலையிலேருந்து கரண்ட் இல்லையே. மோஞ்சோ, உன்னுது?"

மோஞ்சோவின் போனில் பேட்டரி இருந்தது. எடுக்கப்போனவன் காலைக் கிழவி செருப்பால் மிதித்தாள்.

"என்னுதும் செத்துடுச்சு," என்றான் வலியோடு.

"கேப்டன், ஒரு நிமிஷம் உங்க போன் கிடைக்குமா?"

ஜெயித்தவனுக்கு எதையும் கொடுக்க மனசு வரும். கேப்டன் திறந்தே நீட்டினார். "தாராளமா."

ஏவரிஸ்தா மனப்பாடமாக எண்களை அமுக்கினாள். "காது சரியாக் கேக்காது எனக்கு" என்று ஸ்பீக்கரைப் போட்டு, கமிஷனரின் மேஜை நடுவில் வைத்தாள்.

மணி அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. கமிஷனரின் பேனா தாளைத் தொட்டது.

"ஆசீர்வாதம், ஞானப்பா!" என்றது போன், உற்சாகமாக.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும், மாதா துணைக்கு வரட்டும்," என்றது கேப்டனின் வாய்.

வாய்தான் சொன்னது. கேப்டனுக்கு அது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மீசைக்குக் கீழே உதடுகள் இன்னும் கடைசி வார்த்தையின் வடிவத்திலேயே நின்றிருந்தன.

"என்ன ஞானப்பா, முடிஞ்சுதா? போயிட்டாளா அவ?" என்றது போன்.

யாமிலின் குரல்.

கமிஷனர் போனின் பக்கம் குனிந்தாள். "யாமில். சிவப்பு பைக் எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பிறகு இணைப்பு அறுந்தது.

ஏவரிஸ்தா ரெக்கார்டரில் பதிவை மறுபடி ஒரு முறை ஓடவிட்டாள். 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும், மாதா துணைக்கு வரட்டும்.' அதே வேகம், அதே இறக்கம், கடைசி எழுத்தில் அதே இழுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பதிலுக்கு ஒரு வால் உண்டு. சால்செடோ வீட்டு வால் இது.

"நடைபாதையில உங்களைப் பார்த்ததும் அந்தப் பையன் வாயைத் திறந்து மூடினான்," என்றாள் ஏவரிஸ்தா கேப்டனிடம். "மோஞ்சோ ஈன்னு நினைச்சான். அது ஈ இல்லை. வெளியே வரக்கூடாதுன்னு விழுங்கின ஆசீர்வாதம். நாலு பேர் எதிர்ல விழுங்கத் தெரிஞ்சவனுக்குத் தனியா இருக்கும்போது விழுங்க வேண்டிய அவசியம் இல்லையே."

கேப்டன் தொண்டையைச் செருமினார். "மேடம், குழுத் தலைவரோட சொந்தக்காரங்க பரீட்சை எழுதக்கூடாதுங்கற விதியில ரத்த சொந்தம்னுதான் போட்டிருக்கு. ஞானஸ்நானத்துல தலையைப் பிடிச்சவன் சொந்தக்காரன் ஆக மாட்டான். எந்தக் குழுத் தலைவரும்..."

"நான் சொந்தத்தைப் பத்திக் கேக்கலை, சால்செடோ. சனிக்கிழமையைப் பத்திக் கேக்கறேன்."

கேப்டன் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். மறுபடி பேசியபோது பெருந்தன்மையெல்லாம் கழன்றுபோயிருந்தது. "சரி. கையெழுத்துப் போடாதீங்க. என்னை விசாரிங்க, ஆறு மாசம் ஆகும், நான் நிரந்தரமானவன். வக்கீல் வெச்சுக்கறேன். ஆனா இவ மேல புகார் நிக்குது. புகார் நின்னா புரொபேஷன் நீளும். நாளைக்கு இவ ஹாலுக்குள்ள போக முடியாது. அதை நீங்களும் மாத்த முடியாது மேடம்."

அவர் சொன்னது சட்டம். வெளியே நடைபாதையில் பியூன் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவது கேட்டது. கடைசிக் கதவைச் சாத்திவிட்டால் ஆபீஸ் மூடியாயிற்று.

மோஞ்சோ நாற்காலியிலிருந்து குதித்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை. "லெப்டினன்ட்!" என்று கத்திக்கொண்டே கதவை இழுத்துத் திறந்தான்.

பாயெர்கா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் மூடாத சோற்று டப்பா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்தப் புகார் என்னோடது, மேடம்," என்றார். "வாபஸ் வாங்கிக்கறேன். கேட்டை விட்டுப் போகச் சொல்லி அந்தப் பொண்ணுக்கு மேலதிகாரிகிட்டேருந்து உத்தரவு வந்திருக்கு. ஆளுதான் வேற. அவ கீழ்ப்படிஞ்சா."

"எழுதித் தரணும்," என்றாள் கமிஷனர்.

"பேனா கொடுங்க."

கமிஷனர் கையிலிருந்த அதே பேனாவை நீட்டினாள். பாயெர்கா டப்பாவைக் கேப்டனின் மடிக்கு நேர் எதிரே மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே எழுதிக் கையெழுத்திட்டார். கமிஷனர் அதை வாங்கிப் படித்துத் தன் முத்திரையைக் குத்தினாள். வெளியே கடைசி ஜன்னல் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"உன் துப்பாக்கியை வாங்கிட்டுப் போம்மா," என்றாள் கமிஷனர். "நாளைக்குக் காலையில பரீட்சை. குழுவுக்கு வேற தலைவர் வருவாங்க."

குளோரிமார் தலையை மட்டும் ஆட்டினாள். பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கொடு, நான் உடுத்திக்கறேன்," என்றான் மோஞ்சோ. "ஜீன்ஸ்ல ஒரு கால் உள்ள போகும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். மோஞ்சோ பையை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

படியிறங்கும் இடத்தில் பாயெர்கா இவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூடிய சோற்று டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வழக்கம்போலத் தனியாக, யாருக்கும் வழிவிடுகிற மாதிரி சுவரோரமாக. குளோரிமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு படி வேகமாக இறங்கினாள்.

"ஆசீர்வாதம், லெப்டினன்ட்."

பாயெர்கா நின்று அவள் பக்கம் திரும்பினார். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"உங்களைத்தான் சார்," என்றான் மோஞ்சோ மேலிருந்து. "பதில் சொல்லாம விட்டா அவ நாளைக்கு ஃபெயில் ஆயிடுவா. அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்."

பாயெர்கா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கடவுள்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக நிமிர்ந்து நின்றார்.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும், மகளே."

கரகரப்பே இல்லை அந்தக் குரலில்.